மழைக்கு முன்பே பரண் ஏற வேண்டியவை

கேள்வி: தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், தரைத்தளத்தில் சொந்த வீடு. நான், கணவர், 68 வயது மாமியார், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகன், 14 மாதக் கைக்குழந்தை என ஐந்து பேர். மாமியாருக்குச் சர்க்கரை நோய், காலையும் இரவும் இன்சுலின் போடுகிறோம். முழங்கால் வலியும் உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், மூன்று நாள் கரன்ட் இல்லை. இந்த முறை முன்கூட்டியே தயாராக நினைக்கிறேன். இணையத்தில் ‘72 மணி நேர அவசரப் பை’ என்று ஒன்று விற்கிறார்கள், படம் இணைத்திருக்கிறேன். வாங்கலாமா? 150 ஏஹெச் பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருக்கிறது, அதுவே போதும் என்கிறார் கணவர். என்னென்ன, எவ்வளவு, எங்கே வைப்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பையை வாங்க வேண்டாம். படத்தில் இருக்கும் பளபளக்கும் தாள் போர்வை, குளிர் நாட்டில் உடல் சூடு இறங்காமல் காக்க. திசைகாட்டி, தீமூட்டும் கல், மீன் தூண்டில் எல்லாம் காட்டில் வழி தவறியவருக்கு. கைப்பிடி சுற்றினால் எரியும் விளக்கு வெளிச்சம் தரும், ஆனால் அதைச் சுற்றி போனுக்கு சார்ஜ் ஏற்றுவது நடக்காத காரியம். அந்தப் பையில் உங்களுக்கு உதவுவது விசில் ஒன்றுதான். அது தனியாகவே கிடைக்கும்.

வடகிழக்குப் பருவமழையில் உங்கள் பகுதிக்கு வருகிற ஆபத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கரன்ட் போகும். அதோடு மோட்டார், ஆர்.ஓ. ஃபில்டர், ஃபிரிட்ஜ், இண்டக்‌ஷன் அடுப்பு நிற்கும். சில மணி நேரத்தில் செல்போன் கோபுரங்களின் பேட்டரி தீர்ந்து சிக்னல் போகும். சிக்னல் போனால் யுபிஐ கிடையாது, ஏடிஎம்மும் கிடையாது. பிறகு தெருத் தண்ணீர், அதற்கும் முன்பே கழிப்பறை வழியாகச் சாக்கடை. தண்ணீர் கேன், பால், காய்கறி வண்டிகள் தெருவுக்குள் வராது. 2015-லும் 2023-லும் அடையாற்றை ஒட்டிய ஊர்களில் இதுதான் நடந்தது. எது நிற்கிறதோ அதற்கு மாற்று உங்கள் வீட்டில் மூன்று நாளுக்கு இருக்க வேண்டும். கடைக்காரர் பட்டியலைத் தள்ளிவிட்டு இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு போவோம்.

உங்கள் வீட்டில் முதலிடம் மாமியாரின் இன்சுலினுக்கு. தண்ணீரைவிடவும் முன்னால் வைக்கிறேன், காரணம் சொல்கிறேன்.

கரன்ட் போனதும் பலரும் பதறி இன்சுலினை ஐஸ் கட்டிக்குள் புதைத்துவிடுகிறார்கள். கெடுவது அதனால்தான். ஒருமுறை உறைந்த இன்சுலின், பிறகு உருகி வழக்கம்போலத் தெரிந்தாலும் வேலை செய்யாது, தூக்கிப் போட வேண்டியதுதான். பயன்பாட்டில் இருக்கும் குப்பி அல்லது பேனாவுக்கு ஃபிரிட்ஜே தேவையில்லை. 30 டிகிரிக்குக் கீழ் இருந்தால் பெரும்பாலான வகைகள் நான்கு வாரம் தாங்கும், சரியான கணக்கு உறைக்குள் இருக்கும் தாளில் இருக்கும். டிசம்பர் மழையில் சென்னை வீட்டுக்குள் அவ்வளவு சூடு வருவதும் அரிது. பிரிக்காத குப்பிகளை, கரன்ட் போன பிறகு ஃபிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் நான்கு மணி நேரம் அதன் குளிரே காக்கும். அதற்குமேல் போனால் வெளியே எடுத்து, எடுத்த தேதியை மார்க்கரால் குப்பியில் எழுதுங்கள். நான்கு வாரக் கணக்கு அன்றிலிருந்து தொடங்குகிறது. வெயில் வந்துவிட்டால் மண்பானை முறை கைகொடுக்கும்: பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் ஈரம் புகாத டப்பாவில் இன்சுலின், வாயில் ஈரத் துணி. மணலில் அவ்வப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது பானை அவ்வளவாகக் குளிராது, அப்போது குளிர்ச்சி தேவைப்படவும் செய்யாது. கட்டி கட்டியாகத் தெரிந்தாலோ, குப்பியின் உட்சுவரில் வெண்படலம் ஒட்டினாலோ அதைப் போடாதீர்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் முடியும்வரை, கையிருப்பு எப்போதும் ஒரு மாதத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். இன்சுலின் இருந்து ஊசி தீர்ந்துபோன வீடுகள் உண்டு. சிரிஞ்ச் அல்லது பேனா ஊசி, குளுக்கோமீட்டர் பட்டை, அந்தக் கருவிக்கான பட்டன் பேட்டரி ஒன்று, எல்லாம் ஒரே டப்பாவில் இருக்க வேண்டும்.

மழை நாளில் இன்சுலின் கெடுவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. வழக்கமான அளவைப் போட்டுவிட்டு வழக்கமான சாப்பாடு கிடைக்காமல் போவது. சர்க்கரை திடீரென இறங்கும். வியர்வை, நடுக்கம், பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ கருவி 70-க்குக் கீழ் காட்டினாலோ, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-க்கு அழையுங்கள். அந்த டப்பாவில் குளுக்கோஸ் பொட்டலமும் நாலைந்து மிட்டாயும் கட்டாயம்.

சாப்பாட்டுக் கையிருப்பையும் இதை ஒட்டியே பார்க்க வேண்டும். அவசரத்துக்கு என்று வீடுகளில் வாங்கி வைப்பதெல்லாம் பிஸ்கட், பேரீச்சை, ரஸ்க், கடலை மிட்டாய். மூன்று நாளும் அதையே சாப்பிட்டால் மாமியாரின் சர்க்கரை எங்கேயோ போய் நிற்கும். அடுப்பே இல்லாமல் சாப்பிடக்கூடியதாகவும் அவருக்கு ஒத்துவருவதாகவும் வேண்டும். மெல்லிய அவல் 2 கிலோ (தண்ணீரில் அலசி ஐந்து நிமிடம் விட்டால் போதும், கெட்டி அவலுக்கு அரை மணி ஆகும், தண்ணீரும் அதிகம் இழுக்கும்), பொட்டுக்கடலை அரை கிலோ, வறுத்த வேர்க்கடலை அரை கிலோ, வறுத்த கொண்டைக்கடலை அரை கிலோ. உப்பு, எலுமிச்சை ஊறுகாய், புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில். ஊறிய அவலில் புளிக்காய்ச்சலைப் பிசைந்து வேர்க்கடலை போட்டால் அது ஒரு முழு வேளைச் சாப்பாடு, பள்ளிக்குப் போகும் மகனும் சாப்பிடுவான். பையனுக்காக மட்டும் பேரீச்சை, வெல்லம், பிஸ்கட் கொஞ்சம். கைக்குழந்தைக்கு ஃபிரிட்ஜ் தேவைப்படாத அட்டைப் பெட்டிப் பால் வாங்குங்கள். ஆனால் ஒரு லிட்டர் பெட்டி வேண்டாம். திறந்தபின் வெளியே வைத்த பால் கெட்டுவிடும். 200 மி.லி. பெட்டிகள் பத்து வாங்கினால் ஒவ்வொன்றும் ஒரு வேளையில் தீரும். தாய்ப்பால் கொடுத்து வருகிறீர்கள் என்றால் அந்த நாட்களில் கூடுதலாகவே கொடுங்கள். அதைவிடப் பாதுகாப்பானது எதுவும் இல்லை. சத்துமாவு வைப்பதென்றால் கால் கிலோ போதும், அதிகம் வைத்தால் வண்டு பிடிக்கும்.

இனித் தண்ணீர். குடிக்கவும் கொஞ்சம் சமைக்கவும் ஓர் ஆளுக்கு நாளுக்கு 3 லிட்டர். ஐந்து பேருக்கு மூன்று நாள் என்றால் 45 லிட்டர். வழக்கமாக வாங்கும் 20 லிட்டர் கேன்களில் சீல் உடைக்காத இரண்டு எப்போதும் கூடுதலாக இருக்கட்டும், ஒரு லிட்டர் பாட்டில் ஐந்து தனியாக. புதிய கேன் வரும்போது பழையதை எடுத்துப் பயன்படுத்துங்கள். கேனைப் பரணில் ஏற்றாதீர்கள், 20 கிலோ தலைமேல் விழும். சமையல் மேடை போதும். வெயில் படக் கூடாது.

மற்ற உபயோகத்துக்கு மாடித் தொட்டி இருக்கிறது. பலரும் தவறு செய்யும் இடம் இது. புயல் எச்சரிக்கை வந்த அன்றே மாடித் தொட்டியை நிரப்பி, மோட்டார் சுவிட்சை அணைத்துவிடுங்கள். வெள்ளம் சம்புக்குள் புகுந்த பிறகு கரன்ட் வந்ததே என்று மோட்டாரைப் போட்டால், சாக்கடைத் தண்ணீர் மேலே ஏறி நல்ல தண்ணீரும் கெட்டுவிடும். சம்பைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விட்ட பிறகுதான் மோட்டார். அந்தத் தண்ணீருக்கு 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி. நேராகக் கொட்டாமல் ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே இருக்கும் தெளிவை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். கலங்கல் தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது, முதலில் துணியில் வடிகட்ட வேண்டும். போன வருடம் பிரித்த பிளீச்சிங் பவுடர் வீரியம் இழந்திருக்கும், ஆண்டுதோறும் புதுப் பொட்டலம் வாங்குங்கள். குடிக்கும் தண்ணீர் தீர்ந்துவிட்டால், தெளிந்த தண்ணீரை நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்க விட்டு ஆற்றிக் குடிக்கலாம்.

இன்வெர்ட்டர் விஷயத்தில் உங்கள் கணவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 12 வோல்ட், 150 ஏஹெச் பேட்டரியில் ஏட்டளவில் 1800 வாட் மணி இருக்கிறது. நடைமுறையில் கைக்கு வருவது 1000 முதல் 1200. மூன்று பழைய ஃபேன், டிவி, நாலைந்து விளக்கு போட்டால் 350 வாட், மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 75 வாட் ஃபேன் ஒன்றும் 9 வாட் எல்இடி பல்பு ஒன்றும் மட்டும் என்றால் 12 மணி நேரம். ஆக, எப்படிப் பார்த்தாலும் அது ஓர் இரவுக்கான ஏற்பாடு, மூன்று நாளுக்கு இல்லை. பகலில் அணைத்து வைத்து, இரவில் குழந்தையும் மாமியாரும் படுக்கும் அறைக்கு மட்டும் என்றால் இரண்டாவது இரவைத் தொடலாம்.

அதைவிட முக்கியம், அந்த பேட்டரி எங்கே இருக்கிறது? தரைத்தள வீடுகளில் பெரும்பாலும் தரையில், சக்கர வண்டியில்தான் இருக்கும். உங்கள் வீட்டில் முழங்கால் அளவு வந்திருக்கிறது. பேட்டரி 50 கிலோவுக்கு மேல் எடை, மழை வந்தபிறகு தூக்க முடியாது. இப்போதே எலக்ட்ரீஷியனை அழைத்து, செங்கல் மேடை கட்டி உயரத்துக்கு மாற்றுங்கள். வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றும் உண்டு: மெயின் சுவிட்சை அணைத்தால் வீட்டில் மின்சாரமே இல்லை என்று நினைக்காதீர்கள். இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக் பாயின்ட்களில் அப்போதும் மின்சாரம் ஓடும். தண்ணீர் வாசற்படியைத் தொடும் முன் இரண்டையும் அணைக்க வேண்டும், காய்ந்த தரையில் நின்றுதான் அணைக்க வேண்டும். வடிந்தபிறகு ஈரமான சுவரில் இருக்கும் சுவிட்சைப் போட்டுப் பார்க்காமல், எலக்ட்ரீஷியன் சோதித்தபின் போடுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வீட்டில் இல்லையென்றால் அதே எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்திக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்துக்கு மெழுகுவத்தி வேண்டாம், வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. நெற்றியில் மாட்டும் டார்ச் இரண்டு வாங்குங்கள். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் பை இருக்கும்போது அதன் அருமை தெரியும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சார்ஜ் விளக்குகளை நம்பாதீர்கள், மாதக்கணக்கில் சார்ஜ் போடாமல் வைத்தால் உள்ளே பேட்டரி செத்திருக்கும். செல் போடும் டார்ச்தான் சரி. செல்லை உள்ளே போட்டு வைக்காமல் தனியாக வையுங்கள், உள்ளே இருந்தால் கசிந்து முனைகளை அரித்துவிடும். 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் ஒன்று. அதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் போனுக்குப் போய்ச் சேரும், ஒரு போனை இரண்டரை தடவை நிரப்பலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். சிக்னல் இல்லாதபோது போன் கோபுரத்தைத் தேடியே பேட்டரியைத் தின்னும். ஏரோப்ளேன் மோடில் வைத்து, மணிக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். பேச லைன் கிடைக்காத நேரத்திலும் எஸ்எம்எஸ் போய்ச் சேர வாய்ப்புண்டு. செல் போடும் சின்ன ரேடியோ ஒன்று இருந்தால், எந்த ஏரி திறக்கிறார்கள் என்ற செய்தி நெட் இல்லாமலும் வரும்.

சில்லறைப் பணத்தை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. 10, 20, 50, 100 ரூபாய்த் தாள்களாக மூவாயிரம் நாலாயிரம் வைத்திருங்கள். பால் வாங்கவும் படகுக்காரருக்குக் கொடுக்கவும் 500 ரூபாய்த் தாள் உதவாது.

கழிப்பறை பற்றி எழுதவே பலர் கூச்சப்படுகிறார்கள், ஆனால் தரைத்தளத்தில் அதுதான் பெரிய அவதி. தெருச் சாக்கடை நிரம்பினால் கழிப்பறைக் கோப்பை வழியாகவும் குளியலறைத் துவாரம் வழியாகவும் பொங்கி உள்ளே வரும். தடித்த பிளாஸ்டிக் பைகளில் மணல் நிரப்பி இறுகக் கட்டி நான்கைந்து தயாராக வையுங்கள். தண்ணீர் தெருவில் ஏறத் தொடங்கியதும் கோப்பைக்குள் ஒன்று, ஒவ்வொரு துவாரத்தின் மேலும் ஒன்று. முழுதாக அடைக்காது, வேகத்தைக் குறைக்கும். அதன்பின் கழிப்பறையைப் பயன்படுத்த முடியாது என்பதால், முழங்கால் வலியுள்ள மாமியாருக்காக நடுவில் துவாரம் உள்ள கமோட் நாற்காலி ஒன்று அவசியம். கீழே வாளி, அதற்குள் தடித்த குப்பைப் பை, மேலே மரத்தூள் ஒரு பிடி. அவர் வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். வயதானவர்கள் மழை நாட்களில் மயங்கி விழ இதுவும் ஒரு காரணம். இப்போதே வாங்கி, எங்கே போடுவது என்று அவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ் சிலிண்டர்: வீட்டில் பயன்படுத்தும் 14.2 கிலோ சிலிண்டர் நிரம்பியிருந்தாலும் மிதக்கும். மொத்த எடை கிட்டத்தட்ட 30 கிலோ, அது தள்ளும் தண்ணீர் அதைவிட அதிகம். மிதந்தால் ரப்பர் குழாயைப் பிடுங்கும். தண்ணீர் உள்ளே வரும் என்று தெரிந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி, வெள்ளை மூடியை மாட்டி, ஜன்னல் கம்பியோடு நிமிர்த்திக் கட்டுங்கள். மூடியைப் பலர் தொலைத்துவிடுகிறார்கள், உங்களுடையது இருக்கிறதா என்று இன்று பாருங்கள். கசிவு என்றால் 1906.

மருந்துப் பெட்டியில் அதிகம் வேண்டாம். ஓஆர்எஸ் பத்துப் பொட்டலம் (ஒரு லிட்டருக்கு ஒன்று, கரைத்தது 24 மணி நேரத்துக்கு மட்டும்), வயிற்றுப்போக்கு வந்தால் குழந்தைக்குக் கொடுக்க ஜிங்க், எடைக்கேற்ற அளவை மருத்துவர் எழுதிக் கொடுத்த பாராசிட்டமால் சிரப், பெரியவர்களுக்கு மாத்திரை, காயத்துக்கு ஆன்டிசெப்டிக், காஸ், பிளாஸ்டர். மாமியாரின் மற்ற மாத்திரைகள் பத்து நாளுக்கு. உங்களுக்கு நாப்கின், குழந்தைக்கு டயபர் 25. எலிக்காய்ச்சல் பயத்தில் ஆன்டிபயாடிக்கை நீங்களாகப் போட வேண்டாம். வெள்ளத்தில் நடந்தவருக்கு அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல் வந்தால், தண்ணீரில் நடந்ததை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

எங்கே வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். 2023-ல் தண்ணீர் நின்ற கோடு சுவரில் இன்னும் தெரிந்தால் அதிலிருந்து இரண்டடி உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது. கட்டிலுக்கு அடியில், பீரோவின் கீழ்த்தட்டில் வைத்த பைகள்தான் முதலில் நனைகின்றன. சாப்பாட்டையும் மருந்தையும் மூடியுள்ள பெயிண்ட் வாளிகளில் போடுங்கள். தண்ணீர் புகாது, விழுந்தாலும் மிதக்கும், பிறகு கழிப்பறை வாளியாகவும் ஆகும். குடிதண்ணீருக்கு மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டாம். பரணின் முன்விளிம்பில், ஸ்டூல் போட்டால் எட்டும் இடத்தில் வையுங்கள்.

இவையெல்லாம் வீட்டிலேயே இருக்கும்போது. கிளம்ப வேண்டியிருந்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதற்கு முதுகுப் பை இரண்டு, ஒவ்வொன்றும் 7 கிலோவுக்குள். உள்ளே முதலில் தடித்த குப்பைப் பையை விரித்து, அதற்குள் பொருட்கள். உங்கள் பையில் குழந்தையின் டயபர், பால் பெட்டி நான்கு, இரண்டு செட் துணி, இன்சுலின் டப்பா. கணவர் பையில் தண்ணீர் பாட்டில், அவல் பொட்டலம், பவர் பேங்க், டார்ச், துண்டு, பணம், ஆவணங்கள். பத்திரம், பட்டா, குடும்ப அட்டை, ஆதார், பிறப்புச் சான்று ஆகியவற்றை ஜிப் உறையில் போட்டு, அதை இன்னொரு ஜிப் உறையில் போடுங்கள். டிஜிலாக்கரில் இருப்பது நல்லதுதான், ஆனால் நெட் வந்தபிறகுதான் அது திறக்கும். முக்கிய எண்களைக் காகிதத்தில் எழுதி இரண்டு பையிலும் வையுங்கள்: மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, ஆம்புலன்ஸ் 108, மின்வாரியம் 94987 94987, உறவினர் எண்கள். பையனின் சட்டைப்பையிலும் ஒரு சீட்டு. விசில் அவன் கழுத்தில்.

எப்போது கிளம்புவது என்பதைக் குடும்பமாக இப்போதே முடிவு செய்யுங்கள். முழங்கால் வலியுள்ளவரால் ஓடும் தண்ணீரில் நடக்க முடியாது. அரையடித் தண்ணீர் வேகமாக ஓடினாலே நல்ல காலுள்ளவரும் சறுக்கி விழுவார். ஆகவே மாமியாரையும் கைக்குழந்தையையும் ரெட் அலர்ட் வந்த அன்று பகலிலேயே மாடி வீட்டு உறவினரிடம் விட்டுவிடுவதே என் பரிந்துரை. மழை பொய்த்துப்போனால் ஒரு நாள் விருந்து, அவ்வளவுதான். மற்ற மூவருக்கும் வாசலில் இரண்டாவது படியை அடையாளமாக வையுங்கள். தண்ணீர் அதைத் தொட்டால் கிளம்ப வேண்டும், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்பது கூடாது. தண்ணீரில் நின்ற காரையோ பைக்கையோ ஸ்டார்ட் செய்யாதீர்கள், இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு ஸ்டார்ட்டிலேயே இன்ஜின் உடையும். மெக்கானிக் பார்க்கட்டும்.

ஆயுத பூஜைக்கு வீட்டைத் துடைக்கும் நாளிலேயே வாளிகளையும் பைகளையும் பிரித்து, காலாவதித் தேதி பார்த்து, குழந்தையின் உடைகளை இப்போதைய அளவுக்கு மாற்றிவிடுங்கள். 14 மாதக் குழந்தைக்கு வைத்த சட்டை அடுத்த மழைக்குள் பத்தாமல் போகும், டயபர் அளவும் மாறியிருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வாங்க வேண்டியதில்லை. செலவே இல்லாத ஒரு வேலையை மட்டும் முதலில் செய்யுங்கள். அடுத்த முறை மாமியாரை மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது, “பாதிச் சாப்பாடுதான் கிடைத்தால் எத்தனை யூனிட் போடுவது, சாப்பாடே இல்லையென்றால் என்ன செய்வது?” என்று கேட்டு, அவர் கையெழுத்திலேயே எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டை இன்சுலின் டப்பாவின் மூடிக்கு உட்பக்கம், மேலே செல்லோடேப் போட்டு ஒட்டுங்கள்.